பிரசிடெண்ட் மிகவும் வருந்துவார்

ரிசீவரை வைத்துவிட்டாள், வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை, அப்போதுதான் சாருமதிக்குத் தோன்றியது: மாமா செத்ததற்கு இப்போது ஏன் பிரசிடெண்ட் வருந்த வேண்டும், அவர் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கே வந்து, வாழையிலையில் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர்தானே. இடுப்பில் பிள்ளை. பிள்ளையின் வாயில் கரட்டும் சோறும், அதில் பாதி அவளுடைய தோளில். வரவேற்பறையில் சத்தத்தைக் குறைத்து வைத்த ரிவி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அழைத்தவர் நல்ல ஆங்கிலத்தில்தான் பேசினார். மிஸ்டர் சிவகுருநாதன் வீடா என்று கேட்டார், ஓம் என்றாள். அவரோடு பேசலாமா என்றார். இந்த வீட்டுத் தொலைபேசியில் அந்தக் கேள்வி புதிதில்லை. கணவனின் தகப்பன் சிவகுருநாதன் மாமா பங்குனியில் போனதிலிருந்து ஓய்வூதியக் காரியாலயம் கேட்கும், மூக்குக்கண்ணாடிக் கடை கேட்கும், முக்கியமாக மாமா செயலாளராக இருந்த பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை கேட்கும். அவளுக்கு அந்த வசனம் மனப்பாடம். மன்னிக்கவேணும், மிஸ்டர் சிவகுருநாதன் காலமாகிவிட்டார். கன்னியர் மடப் பள்ளியில் சிஸ்டர் பெர்பெற்றுவா கரும்பலகை டஸ்ரரைக் காதில் வைத்துப் பழக்கிய மரியாதை, கேட்டதற்கு முழு வசனத்தில் பதில், குரலில் நடுக்கம் கூடாது. அந்தப் பக்கம் ஒரு கடதாசி புரண்டது. பின்னால் பல தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் சத்தம், யாரோ சிங்களத்தில் வாகன இலக்கம் கேட்கும் சத்தம். பிறகு அவர் சொன்னார், "ஐயோ மேடம். பிரசிடெண்ட் மிகவும் வருந்துவார்." வைத்துவிட்டார். மாமா வாய்க்கு வாய் பிரசிடெண்ட் என்பது சங்கத் தலைவரைத்தான். பிரசிடெண்ட் போன் எடுத்தவரோ, பிரசிடெண்டுக்குச் சுகமில்லையாம், பிரசிடெண்ட் கணக்குக் காட்டுறாரில்லை. ஆனால் சங்கத்துக்கு ஏது பல தொலைபேசிகள். அவள் திரும்பி ரிவியைப் பார்த்தாள். வெள்ளைத் தூண்கள், சிவப்புக் கம்பளம், கீழே ஓடும் எழுத்தில் புதிய ஜனாதிபதியின் அமைச்சரவை இன்று பதவிப்பிரமாணம். ஜனாதிபதி. பிரசிடெண்ட். பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள், பிள்ளை கரட்டைத் துப்பியது.

இந்தப் பேர்தான், இந்தப் பேர் பட்ட பாடுதான். மாமா சிவகுருநாதன், மகன் இளங்குமரன், அவள் கழுத்தில் தாலி கட்டியவர். வீட்டில், ஊரில், வேலை செய்யும் அமைச்சில் எல்லாம் எஸ். இளங்குமரன். அரசாங்கம் வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியபோது அந்தப் பல்கலைக்கழகம் தகப்பன் பேரைக் குடும்பப் பேராக்கித் தலைகீழாகப் போட்டுவிட்டது. பட்டச் சான்றிதழில் அவர் இளங்குமரன் சிவகுருநாதன். அங்கே ஆசிரியர்மார் மிஸ்டர் சிவகுருநாதன் என்று கூப்பிட, முதல் மாதம் முழுக்க அப்பா எங்கே வந்தார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாராம், கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரித்த கதை. புதிய ஜனாதிபதியின் ஆட்கள் அமைச்சை அறியாதவர்கள், யாரிடமோ கேட்டு எதையோ பார்த்து எடுத்திருக்கிறார்கள், படித்த தமிழர் ஒருவர், மேலதிகச் செயலாளர், சுத்தமான கை, பேர் மிஸ்டர் சிவகுருநாதன். அப்படியென்றால் அவள் இப்போது யாரைக் காலமாக்கினாள். அந்த எண்ணம் முழுதாக வருவதற்கு முன்னரே கை தாலிக்கொடியைத் தேடிப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லிவிட்டாள். உயிரோடிருக்கிற மனுசனை, நடுக்கமில்லாத குரலில், முழு வசனத்தில். சொல்லுக்குப் பலன் உண்டு என்று ஒரு பக்கம் மனம் அடித்துக்கொண்டது, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடம் மறுபக்கத்தில் சொன்னது, பள்ளிக்கூடச் சிற்றாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தியது மட்டும் என்னவாம் என்று முதல் பக்கம் திருப்பிக் கேட்டது. அவர் எங்கே இப்போது. சலூனுக்கு. காலி வீதி என்கிற பெருந்தெருவைக் கடந்து போகவேண்டும், மஞ்சள் கோட்டுக் கடவையில் கூட நிற்காத பஸ்கள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும் பஸ்கள். கடவுளே, முருகா, மாதாவே. யாராவது ஒருவர் கேட்டால் போதும்.

திருப்பி எடுத்துச் சொல்லலாம்தான். பிழையாகச் சொல்லிவிட்டேன் ஐயா, போனது தகப்பன், இருப்பது மகன். பழைய கறுப்புத் தொலைபேசி, எடுத்தவரின் இலக்கத்தைக் காட்டாது. தொலைபேசிக் கம்பனியின் விசாரணை இலக்கத்துக்கு எடுத்து ஜனாதிபதி செயலகத்தின் இலக்கத்தை வாங்கினாள், சுழற்றினாள், எங்கேஜ். மறுபடி சுழற்றினாள், எங்கேஜ். நாட்டிலுள்ள அத்தனை பேரும் இன்றைக்கு அந்த ஒரு இலக்கத்தைத்தான் சுழற்றிக்கொண்டிருப்பார்கள், அமைச்சராகப் போகிறவன், ஆகாமல் போனவன், ஆனவனுக்கு மச்சான். மூன்றாம் தரம் சுழற்றுகிற விரல் பாதியில் நின்றது. எதற்காகச் சுழற்றுகிறேன், அவரைக் கொண்டுபோய்க் கொடுக்கவா. ஜனாதிபதி மாறினால் என்ன நடக்கும் என்று இந்தத் தெருவிலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். பழைய அமைச்சரவை கலையும், கலைந்த அன்றைக்கே அமைச்சுச் செயலாளர்மாரின் பதவியும் போய்விடும், காலையில் வீடு தேடி வந்த கார் பின்னேரம் வராது. புதியவர் முதலில் எத்தனை அமைச்சு என்று தீர்மானிப்பார், மீன்பிடியை எதோடு ஒட்டுவது, உணவை எதிலிருந்து வெட்டுவது, கட்சிக்குள் கோபக்காரர் யார், மலைக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. அமைச்சரைத் தேடும்போது யார் கோபிப்பார் என்று பார்ப்பார்கள், செயலாளரைத் தேடும்போது யார் கோபிக்கமாட்டார் என்று பார்ப்பார்கள். இதைச் சொன்னது அவளுடைய அப்பா. அப்பா உணவு அமைச்சின் செயலாளராக இருந்தவர். நியமனக் கடிதம் வாங்கிய அன்று அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தா, அவள் பள்ளிக்கூடத்துக்கு அமைச்சுக் காரில் போய் இறங்கினாள், சிஸ்டர்மார் வாசலில் நின்று பார்த்தார்கள். அமைச்சர் எகொடவத்த இரவு பகல் பாராமல் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிடுவார். இந்தக் கப்பலை இறக்குங்கள், அந்தக் கொம்பனிக்குக் கொடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்றையும் எழுதித் தரமாட்டார், சொல்லுவார். கையொப்பம் போடுவது அப்பா, சட்டப்படி அமைச்சின் காசுக்குப் பொறுப்பாளி செயலாளர்தான். ஜனாதிபதி மாறினார், ஆணைக்குழு வந்தது, புழுத்த அரிசிக்குக் கையொப்பம் போட்டது யார் என்று கேட்டது. எகொடவத்த கட்சி மாறினார். அப்பா விளக்கமறியலில் இருந்தார், கொண்டுபோன சோற்றைக் காவலாளி கரண்டியால் கிண்டிக் கிண்டிப் பார்த்த பிறகு உள்ளே அனுப்பினான். இப்போது பிணையில் வந்து ஊரில், கொக்குவிலில் இருக்கிறார், வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. பதிவுத் தபால் வந்தால்கூட அம்மாவைக் கூப்பிட்டுக் கையொப்பம் போடச் சொல்லுகிறார். பேரப்பிள்ளைக்கு எழுதிய வாழ்த்து மட்டையில் அன்புடன் தாத்தா என்று அம்மாவின் கையெழுத்து.

அந்த அப்பாவின் மகள்தான் இந்தக் கிழமை முழுக்க நித்திரையில்லாமல் இருந்தாள். இளங்குமரனிடம் நேரடியாகக் கேட்டுப் பார்த்தாள், கூப்பிட்டால் போவீங்களோ என்று. கூப்பிடட்டுமே பார்ப்பம் என்றார். மாட்டன் எண்டு சொல்லுவீங்களோ. அதுக்கு அவர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த மனிதருக்கு இல்லை என்ற சொல் வராது, பிறப்பிலேயே வரவில்லை. மேலே இருக்கிறவர் கேட்டால் சேர் என்று எழும்பி நிற்பார், எழும்பிய பிறகுதான் என்ன கேட்டார் என்று யோசிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கேட்டால் கொடுத்துவிட்டுத் தான் பஸ்ஸில் போவார். போன கிழமை ஒரு காப்புறுதிக்காரன் வந்து சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழும்பாமல் இருந்தான், கடைசியில் பிள்ளையைக் கிள்ளி அழவைத்து அவள்தான் அனுப்பினாள். ஜனாதிபதி கேட்டால். ஜனாதிபதி கேட்டால் இவர் நன்றி சேர் என்பார், அவ்வளவுதான், பிறகு இரவு பகலாகத் தொலைபேசி அடிக்கும். இன்று காலையும் பாருங்கள், எல்லாரும் ரிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நாளில், தலைமயிர் வெட்டிக்கொண்டு வாறன் என்று வெளிக்கிட்டுவிட்டார். எதற்குத் தலைமயிர். படம் எடுப்பார்கள் என்றுதானே. கடிதம் வாங்கும்போது கழுத்துக்குப் பின்னால் அழகாக இருக்கவேண்டும் என்றுதானே. படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து போகும்வரை அவள் கதவடியில் நின்றாள், இந்த மனுசனுக்கு உள்ளுக்குள் ஆசை என்று நினைத்தாள். அப்பாவும் அப்படித்தான் வெளிக்கிட்டார், புது வெள்ளைச் சேர்ட்டில், ஓடிக்கொலோன் பூசிக்கொண்டு.

பிள்ளை ஈரம். அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டு, அலுமாரி லாச்சியை இழுத்து நப்கினுக்குக் கைவிட்டாள், துணியின் அடியில் ஏதோ தட்டையாகத் தட்டுப்பட்டது. அவருடைய கைத்தொலைபேசி. அணைந்து கிடந்தது. சலூனுக்குப் போனவர் மறந்து வைத்திருப்பார். மறந்து வைப்பவர் நப்கினுக்கு அடியிலா வைப்பார், அதுவும் கீழ் அடுக்கில். சார்ஜ் இறங்கியிருக்கும். பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள், வெளிச்சம் வந்தது, மின்கலத்தில் சார்ஜ் நிறைய இருந்தது, உடனே டிங் டிங்கென்று தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கின, பாம்பைத் தொட்டவள் போல மறுபடி அணைத்தாள். அணைத்துத்தான் வைத்திருக்கிறார். ஒளித்துத்தான் வைத்திருக்கிறார். சந்தேகம் முழுதாய்ப் போகவில்லை, அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், வேறு விதமாக அதற்கு அர்த்தம் வருமா என்று, வரவில்லை. படம் எடுக்க ஆசைப்படுகிறவன் தொலைபேசியைப் பிள்ளையின் நப்கினுக்குக் கீழே புதைக்கமாட்டான். அவர் தலைமயிர் வெட்டப் போகவில்லை, வீட்டில் இல்லாமல் இருக்கப் போயிருக்கிறார். இல்லை என்று சொல்லத் தெரியாதவர் இல்லாமல் போயிருக்கிறார். அட மனுசா, என்று அவள் பிள்ளையிடம் சொன்னாள். இந்தக் கிழமை முழுக்க அந்தப் பக்கத் தலையணையில் கண்ணை மூடிக்கொண்டு முழித்துக் கிடந்ததை நித்திரை என்று நான் நினைத்தேனே. பிள்ளை காலை உதைத்துச் சிரித்தது, அதற்கு எதுவும் தெரியாது, அதன் தகப்பன் காலமாகிச் சற்று நேரம்.

ரிவியில் எகொடவத்த நடந்து வந்தார். தெரியும், இந்தப் பக்கமும் ஒரு வழி செய்துகொண்டு வருவார் என்று, அந்த நடையும் மாறவில்லை, வயிறு முன்னால் வர, கை இரண்டும் பின்னால் தொங்க, எதற்கும் அவசரமில்லாத அதே நடை. புதிய ஜனாதிபதி எழும்பி நின்றார். எகொடவத்த சத்தியத்தை வாசித்தார், கையொப்பம் போட்டார், இதற்கு மட்டும் போடத் தெரியும் என்று அவள் நினைத்தாள். கீழே எழுத்து ஓடியது. உணவு, வர்த்தக, கூட்டுறவு அமைச்சர். அவள் சத்தத்தைக் கூட்டினாள். செயலாளர்மாருக்கான நியமனக் கடிதங்கள் இன்று பிற்பகலே வழங்கப்படும் என்றும் சிலருக்கு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டது என்றும் அறிவிப்பாளர் சொன்னாள். உணவுக்கு அனுபவமுள்ளவர் யார். இளங்குமரன் இத்தனை வருடம் எந்த அமைச்சில் தேய்ந்தார். வேறு எதற்காக அந்த ஆள் எடுத்திருக்கமுடியும். அப்பாவின் கதிரை, அப்பாவின் தொலைபேசி, அப்பாவின் அமைச்சர். அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு கிட்டே வந்து, முகத்தில் காற்றுப் படும்படி, கடந்து போயிருக்கிறது. போய்விட்டதா. அதுதான் தெரியாது. யாராவது ஒருத்தன் அங்கே சொன்னால் போதும், சேர், நேற்றுக்கூட இளங்குமரனைக் கன்ரீனில் கண்டேனே என்று. சொல்லமாட்டான், ஏனென்றால் அவர்கள் தேடுவது மிஸ்டர் சிவகுருநாதனை, அங்கே இருப்பவர்களுக்கு அவர் இளங்குமரன், இரண்டும் ஒருவர் என்று தெரிந்தவர் இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் இருக்கக்கூடாது, கடவுளே இருக்கக்கூடாது. இப்படியும் ஒரு பெண்சாதி வேண்டுவாளா, புருசனை இறந்தவனாகவே வைத்திரு என்று. கை மறுபடி தாலிக்கொடிக்குப் போனது. கடற்கரை ரயில் வீட்டை உலுக்கிக்கொண்டு போனது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்துவிட்டார். கால், கை, கழுத்து எல்லாம் இருந்தது, கழுத்தில் பவுடர், காதுக்கு மேலே நன்றாக ஒட்ட வெட்டியிருந்தது. அவள் வாசலிலேயே பிடித்துத் தோளைத் தடவிப் பார்த்தாள், மயிர் தட்டுகிற மாதிரி. அவர் ரிவியைப் பார்த்தார், எகொடவத்தவைப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தூக்கியபடி, ஏதோ பால்காரனைப் பற்றி விசாரிப்பது போல, யாராவது போன் எடுத்தவையோ என்று கேட்டார்.

"எடுத்தவை. மாமாவைக் கேட்டவை. காலமாகிட்டார் எண்டு சொல்லிப்போட்டன்."

"நல்லது."

"நல்லதில்லையப்பா. பிரசிடெண்ட் வருந்துவார் எண்டு சொன்னவை. நான் சங்கத்துப் பிரசிடெண்ட் எண்டு நினைச்சிட்டன்."

 அந்தப் பேர் அவருடைய தலைக்குள் புரண்டு திரும்புவதை அவள் முகத்தில் பார்த்தாள். பிள்ளையை அவளிடம் தந்துவிட்டு அறைக்குள் போனார், லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது, கைத்தொலைபேசியோடு வெளியே வந்தார். அவளைப் பார்க்காமலே, நான் எடுத்துச் சொல்லத்தானே வேணும் என்றார். ஓம் என்றாள். உயிரோடு இருக்கிறவன் சொல்லாமல் விடலாமோ என்றார். விடக்கூடாதுதான் என்றாள். எடுத்தால் வாங்கோ எண்டுவினம் என்றார், அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள், பதில் சொன்னால் அது வாழ்நாள் முழுக்க அவளுடைய சொல்லாகிவிடும். அவருடைய கட்டைவிரல் பொத்தானின் மேல் கிடந்தது. அழுத்தவில்லை, எடுக்கவுமில்லை. பிள்ளை அவருடைய புதுக் கழுத்தைப் பிடிக்க எட்டியது. கீழேயிருந்து தொடர்மாடியின் காவல்கார வாச்சர் இன்ரர்கொம்மில் கூப்பிட்டான். ஜனாதிபதி செயலகத்து ஆள் ஒருவர் மேலே வருகிறாராம், கையில் மலர்வளையமாம், நம்முடைய மாடியில் யார் சேர் செத்தது என்று கேட்டான்.

லிஃப்ட் திறந்து, பாதி மனிதனும் மீதி பூவுமாக ஒருவர் வந்தார். இளவயசு, கழுத்துப்பட்டி கோணியிருந்தது, வேர்த்து ஒழுகியது, இன்று இப்படி எத்தனை வீடு ஏறி இறங்கினாரோ, மற்ற வீடுகளுக்கெல்லாம் நல்ல செய்தி. இளங்குமரன் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். சாருமதி அவருடைய முதுகைத்தான் பார்த்தாள், அந்த முதுகு இப்போது நிமிரும், சேர் என்னும், பிழை நடந்துவிட்டது நான்தான் அவர் என்னும், அந்த இளைஞனின் காரிலேயே ஏறிப் போகும். இளைஞன் தலையைக் குனிந்து சிங்களத்தில் கேட்டான். "காலஞ்சென்ற மிஸ்டர் சிவகுருநாதனின் வீடு இதுதானே?"

முதுகு நிமிரவில்லை. ஒரு மூச்சு இழுத்தது.

"ஓம், இதுதான்," என்றார் இளங்குமரன். "நான் அவருடைய மகன்."

அதில் ஒரு குன்றிமணி பொய்கூட இல்லை. இளைஞன் இரண்டு கையாலும் வளையத்தைக் கொடுத்தான். தகப்பனார் பெரிய இழப்பு, இன்று பிற்பகல் உணவு அமைச்சின் செயலாளராகக் கடிதம் வாங்க இருந்தவர், ஜனாதிபதி அவருடைய அறிக்கையை வாசித்து மெச்சியவர், இப்போது கண்டியிலிருந்து வேறொருவரை அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரும் புறப்பட்டுவிட்டார் என்றான். இளங்குமரன் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றார், அதுவும் உண்மை, நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறி ஓய்வுபெற்ற மாமா இதைக் கேட்டால் சங்கத்துக்கே விசேஷ கூட்டம் வைத்திருப்பார். குடும்பத்தின் நன்றியை ஜனாதிபதிக்குச் சொல்லுங்கள் என்றார் கடைசியாக. இளைஞன் மறுபடி குனிந்தான், உள்ளே எட்டிச் சாருமதியைப் பார்த்தும் குனிந்தான், அவள் பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டாள், துக்கத்தில் என்று அவன் நினைத்திருப்பான்.

கதவு சாத்தியாயிற்று. வெள்ளை ஓர்க்கிட், நடுவில் பொன்னெழுத்து மட்டை, அதைப் பிடித்தபடி தன் வீட்டில் தானே விருந்தாளி போல நின்றார் அவர். பிள்ளை எட்டி ஒரு பூவைப் பிய்த்து வாயில் வைத்தது, அவள் விரலைவிட்டு எடுத்தாள். அவளுக்குள் எங்கோ இத்தனை நாளாக முறுக்கிக் கட்டியிருந்த கயிறு ஒன்று தன்பாட்டில் சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து விழுந்தது, அழுகை வருகிறதா என்று பார்த்தாள், அதில்லை, வேறேதோ.

"நாளைக்கு ஒஃபிசுக்குப் போனால் என்னப்பா சொல்லுறது?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்கட பேரைச் சொல்லுங்கோ," என்றாள். "உங்கட பேரை மட்டும்."

அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அவள் உஷ் என்று விரலைக் காட்டினாள், கதவுக்கு வெளியே லிஃப்ட் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, செத்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அந்தப் பொடியன் என்ன நினைப்பான். அந்தச் சத்தம் அடியில் போய் நிற்கும்வரை, வளையத்துக்கு ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அவளும், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.